சைவப் பூரான்

பூரான் அசைவம் சாப்பிடும் என்பதை எங்கள் குடியிருப்பில் முதலில் கண்டுபிடித்தவர் செயலாளர் கைலாசநாதன். பொதுக்குழுவில் அவர் அதை அறிவித்த தோரணையைப் பார்த்தால், பூரானே அவர் முன்னால் வந்து நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டது போலிருந்தது.

"நாலாம் பக்கம், மூணாவது பத்தி," என்று அரசாங்கக் கையேட்டைத் தூக்கிப் பிடித்தார். "உணவுன்னு போட்டு என்ன எழுதியிருக்கான் பாருங்க. கரப்பான், மூட்டைப்பூச்சி, கொசு, சிலந்தி, கரையான். அத்தனையும் உயிர். பேருக்கு ஒரு கத்திரிக்காய்கூட இல்ல. இதைத்தான் வீட்டுக்கு ரெண்டு வளர்க்கணுமாம்."

கூடியிருந்த இருபத்து மூன்று வீட்டுச் சொந்தக்காரர்களும் "சிவ சிவா" என்றார்கள். கடைசி வரிசையில், அந்தக் கட்டடத்தின் ஒரே வாடகைக்காரனான நானும் சொன்னேன். மற்றவர்களைவிடச் சத்தமாகவே சொன்னேன். எங்கள் ஊர்ப் பங்குத்தந்தை கேட்டிருந்தால் நாற்காலியிலிருந்து விழுந்திருப்பார்.

சட்டம் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கரப்பான்கள் எல்லா மருந்துக்கும் பழகிவிட்டிருந்தன. முந்தைய தலைமுறைக் கரப்பான் மருந்தடித்தால் மல்லாந்து படுத்தது. இந்தத் தலைமுறை அதிலேயே குளித்துவிட்டுப் புத்துணர்ச்சியோடு கிளம்பிப் போனது. மருந்தெல்லாம் நிலத்தடி நீரில் இறங்கி மனிதர்கள் மல்லாக்கப் படுக்க ஆரம்பித்த பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது. பூச்சிமருந்துக்குத் தடை, வீட்டுக்கு ஒரு ஜோடி பூரான் கட்டாயம் என்று உத்தரவு போட்டது. தோட்டத்தில் செங்கல்லைப் புரட்டினால் தடித்துச் சிவந்து ஓடும் பூரான் அல்ல இது. குளியலறைச் சுவரில், யாருடைய மீசையோ கழன்று தனியே ஓடுவது போல முப்பது நீளக் கால்களோடு பறக்குமே, அந்த ரகம். அதன் மரபணுவில் கை வைத்து, மனிதரைக் கடிக்காமல், படுக்கையில் ஏறாமல், காதுக்குள் நுழையாமல் நாகரிகம் கற்றுக்கொடுத்து, 'பாதசாரி' என்று பெயர் சூட்டி ஒரு நிறுவனம் தந்தது. அந்த நிறுவனத்தின் வாசனைப் பிரிவில்தான் எனக்கு வேலை.

"சார், அது என்ன வாடகைக்கா வருது? அது பாட்டுக்கு ஒரு மூலையில இருக்கப் போகுது," என்றார் இரண்டாம் மாடி மருந்துக்கடைக்காரர் தியாகேசன்.

"நம்ம விதி எட்டு என்ன சொல்லுது? அசைவம் சாப்பிடறவங்களுக்கு இந்தக் கட்டடத்துல இடம் கிடையாது. மனுஷங்கன்னு அதுல போடல. சாப்பிடறவங்கன்னுதான் போட்டிருக்கு."

மூன்றாம் மாடி பத்மாசனி மாமி எழுந்தார். கல்லூரியில் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர் கேள்வி கேட்டாலே எல்லோரும் வீட்டுப்பாடம் செய்யாதவர்கள் போல முழிப்பார்கள்.

"என் ஆத்துச் சுவத்துல நாலு பல்லி இருக்கு. அதெல்லாம் இட்லியா சாப்பிடறது? அதுக்கும் நோட்டீஸ் குடுக்கப் போறேளா?"

"பல்லி அதுவா வந்தது மாமி. இது நாம வெத்தலை பாக்கு வச்சு அழைக்கறது. வித்தியாசம் இருக்கு."

கூட்டம் அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு தலையாட்டியது. அப்புறம்தான் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. "அருள் சார் அந்தக் கம்பெனிதானே? ஒரு சைவப் பூரான் பண்ணித் தரச் சொல்லுங்க," என்றார் கைலாசநாதன், ஊத்தப்பத்தில் வெங்காயம் வேண்டாம் என்று சொல்பவரைப் போல. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மாமி மட்டும் சிரித்துக்கொண்டே வெளியே போனார்.

நான் ஏன் சத்தமாகச் சிவ சிவா சொன்னேன் என்றால், என் முழுப் பெயர் அருளப்பன். குமரிக் கடற்கரையில் முட்டத்துக்காரன். அப்பா கட்டுமரத்தில் ஆரம்பித்து விசைப்படகில் ஓய்வு பெற்றவர். சென்னையில் வீடு தேடி முப்பத்தொரு கட்டடம் ஏறி இறங்கியிருக்கிறேன். முப்பத்தொன்றிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சைவம்தானே?" முப்பத்திரண்டாவதாக, மடிப்பாக்கத்தின் இந்தக் கட்டடத்தில், விண்ணப்பத்தில் என் பெயரின் வாலை நறுக்கி அருள் ஆனேன். மனைவி சகாய மேரியைச் சகாயவல்லி ஆக்கினேன். அவளுக்கு அப்போது மூன்றாவது மாதம். எழுதிக் கையெழுத்துப் போட்டபோது வெட்கமாக இல்லை. வீடு கிடைத்த சந்தோஷத்தில் வெட்கப்பட நேரமில்லை.

அதிலிருந்து வீட்டில் மீன் கிடையாது. சனிக்கிழமை கோவளம் வரை ஸ்கூட்டரில் போய்க் கடையில் சாப்பிட்டு, எலுமிச்சை தேய்த்துக் கை கழுவி, காற்றில் உலர்ந்து திரும்புவோம். இப்போது ஏழாம் மாதம். டாக்டர் ஸ்கூட்டரே கூடாது, ஊருக்குப் போகவும் கூடாது, பிரசவம்வரை இந்த இடத்தை விட்டு அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார். சகாயத்திடம் மிச்சமிருந்தது அவள் அம்மா கொடுத்தனுப்பிய ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு. ஏழு கவர் போட்டு அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தாள். சமைப்பதில்லை. ஆசை வந்தால் ஆறு கவரைப் பிரித்து ஏழாவதன்மேல் மூக்கை வைத்து இழுத்துக்கொள்வாள்.

பொதுக்குழு விவரத்தைச் சொன்னதும் அவள் கேட்டாள், "சைவப் பூரானா? அப்ப கரப்பான அது என்ன செய்யும், கும்பிடுமா?"

அதே கேள்வியைத்தான் மறுநாள் நான் ஆய்வகத்தில் நாச்சியார் மேடத்திடம் கேட்டேன். அவர் எங்கள் பிரிவின் தலைவர். அவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடி ஏதோ கணக்குப் போட்டார்.

"இந்த ஊர்ல எத்தனை சைவக் கட்டடம் இருக்கு தெரியுமா அருள்? எல்லாரும் கேப்பாங்க. செஞ்சிடுவோம். சாப்பிடறதை நிறுத்தணும். துரத்தறதை மட்டும் நிறுத்தக் கூடாது."

"துரத்தினா கரப்பான் எங்க மேடம் போகும்?"

"பக்கத்துக் கட்டடத்துக்கு."

"அங்கயும் சைவப் பூரான் இருந்தா?"

"அதுக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கு. கடைசியில கறி மீன் திங்கறவங்க இருக்கற தெருவுக்குப் போய்ச் சேந்துடும். இந்த ஊர்க் குப்பையும் சாக்கடையும் போற வழிதானே, கரப்பானுக்கா தெரியாது?"

வழிமுறை எளிது என்றார். "செத்த உடம்பு வாசனை வந்தா பூரானுக்குப் பசிக்கும். அந்த இடத்துல பசியை எடுத்துட்டுப் பயத்தை வச்சிடுவோம். கறி, மீன், கருவாடு எது வாசனை வந்தாலும் நெருப்பைப் பார்த்த மாதிரி ஓடும். உயிரோட இருக்கற கரப்பானுக்கு அந்த வாசனை கிடையாது. அதனால அதைப் பாத்தா எப்பவும் போலத் துரத்தும். பிடிச்சதும் கடிக்கத் தோணாம விட்டுடும்."

"அப்போ மீன் கறி சமைக்கற வீட்டுலயே அது தங்காதே, மேடம்."

"தங்காது. சைவ வீட்டுல அதை யாரு சமைக்கப் போறா?"

வளர்ந்து நிற்கும் பூரானின்மேல் மருந்துநீரைத் தெளித்தே மரபணுவை மாற்றும் வித்தை எங்களிடம் இருந்தது. பதினோரு நாளில் நானே செய்து முடித்தேன். என் வீட்டைக் காட்டிக்கொடுக்கப் போகும் பூச்சியை என் கையாலேயே, குறையில்லாமல், நல்ல வேலைக்காரன் என்று பெயர் வாங்கும்படி செய்தேன். அது தயிர்சாதத்தை விரும்பிச் சாப்பிட்டது. ஊறுகாயை மட்டும் தொடவில்லை.

பூரான்கள் வந்திறங்கிய நாள் குடியிருப்பில் ஒரு விழா. தேங்காய் உடைத்து, பெட்டிகளுக்குக் குங்குமம் வைத்து, வீட்டுக்கு ஒரு ஜோடியாகக் கைலாசநாதன் வழங்கினார். கூடவே வந்த விளக்கத் தாளை வாசித்தவர் ஒரு வரியில் நின்றுவிட்டார். "மாமிச வாசனை உள்ள இடத்தில் தங்காது." திரும்ப வாசித்தார். முகம் மலர்ந்தது.

"அப்போ இது வெறும் பூரான் இல்லீங்க. இது பரீட்சை! பத்தாம் நாள் வீடு வீடா வந்து பார்ப்போம். எந்த வீட்டுல பூரான் இல்லையோ, அந்த வீட்டு மேல நடவடிக்கை. வாடகைக்காரங்களா இருந்தா ஒரு வாரத்துல காலி பண்ணணும்."

வாடகைக்காரங்களா இருந்தா என்று பன்மையில் சொன்னாரே தவிர, பார்வை ஒருமையில் என்மேல்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே சகாயம் கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைவரை நடந்துபோய், அங்கே இஸ்திரி போடும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். வந்து அரிசி டப்பாவைக் கழுவினாள். அரிசியையும் கழுவினாள். அலமாரியைச் சோப்புப் போட்டுத் துடைத்தாள். நான் துடைக்கிறேன் என்றாலும் விடவில்லை.

மறுநாளிலிருந்து லிஃப்டில் என்னைத் தனியாகப் பிடிக்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் தியாகேசன்.

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன் சார். முட்டைக்கும் ஓடுமா?"

"ஆம்லெட் போட்டா ஓடும்."

"கேக்குல இருக்கற முட்டை? சரி விடுங்க, பேச்சுக்குத்தான்."

முதல் மாடியில் ஒருவர் மீன் எண்ணெய் மாத்திரை பற்றிக் கேட்டார். நான்காம் மாடியில் ஒருவர், பார்சலை வீட்டுக்குள் பிரிக்காமல் பால்கனியில் வைத்துச் சாப்பிட்டால் உள்ளே வாசனை வருமா என்று ஒரு நண்பருக்காகக் கேட்டார். அந்த நண்பருக்கு எங்கள் கட்டடத்தின் பால்கனி எந்தத் திசை பார்த்தது என்பதுவரை தெரிந்திருந்தது. கைலாசநாதனின் மனைவி மாடிப்படியில் என்னை நிறுத்தி, "கோழி வாசனைன்னா எத்தனை நாளைக்குத் தம்பி இருக்கும்? பக்கத்து வீட்டுல யாரோ…" என்று இழுத்தார்.

"உங்க பக்கத்து வீடு எங்க வீடுதாங்க அம்மா."

"அய்யோ, உங்களைச் சொல்லல," என்று வேகமாகப் படியிறங்கிப் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் பயம் போகவில்லை. அவர்கள் சொந்த வீட்டுக்காரர்கள். பூரான் ஓடினால் வீட்டை விட்டு அவர்களை யாரும் ஓடச் சொல்ல முடியாது.

வீட்டுக்குள் வந்த ஜோடியைப் பார்த்து முதல் இரண்டு நாள் சகாயம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் பஞ்சை எடுத்துவிட்டாள். "இன்னா பாருங்க, மீசைக்காரன் வந்துட்டான்," என்று அழைத்துக் காட்டினாள். குளியலறைக் கதவோரம் உட்கார்ந்து அது ஒவ்வொரு காலாக வாய்க்குள் விட்டு உருவிச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. முப்பது காலுக்கும் பொறுமையாகச் செய்தது. "எவ்வளவு சுத்தம் பாத்தியளா, நம்ம செக்ரட்டரியத் தோக்கடிச்சிரும்," என்றாள். கரப்பான் வந்தால் கூடம் முழுக்கத் துரத்திப் பிடித்து, முகர்ந்து பார்த்து, ஏன் பிடித்தோம் என்று மறந்துபோனது போல விட்டுவிடும். கரப்பான் அவமானப்பட்டு வெளியேறும்.

பத்து நாளும் தயிர்சாதம், கூட்டு, ரசம். ஒரு மத்தியானம் தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள்.

"எனக்க வீட்டுல எனக்க வாய்க்குப் புடிச்சத ஆக்கணும்னா ஒரு பூரான்ட்ட கேக்கணுமா? வயித்துல கெடக்க பிள்ளைக்கும் இதானா?"

"நாம வேற ஊருக்கே போயிரலாமா?" என்றேன்.

"இந்த வயித்தத் தூக்கிட்டா? பேசாம இரிங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டை இழுத்தாள். அந்த நேரம் எனக்கு இந்தக் கட்டடம், கைலாசநாதன், என் வேலை எல்லாவற்றின்மேலும் ஆத்திரமாக வந்தது.

நான்காம் நாள் குளியலறையில் ஐந்து பூரான்கள் இருந்தன. ஆறாம் நாள் பதினெட்டு. கழிவுநீர்க் குழாய் வழியாகவும் சன்னல் வழியாகவும் மாடிமாடியாக ஏறியும் இறங்கியும் வந்துகொண்டே இருந்தன. பத்தாம் நாள் காலை சகாயம் எண்ணிவிட்டு வந்து முப்பத்தொன்பது என்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அப்ப மத்தவிய எல்லாரும்…" என்று ஆரம்பித்தவள் வாயைப் பொத்திக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

சோதனைக் குழு வீடு வீடாக ஏறியது. இருபத்திரண்டு வீடுகளில் காலிப் பெட்டி மட்டும் குங்குமத்தோடு இருந்தது. பத்மாசனி மாமி வீட்டில் ஒன்பது. எங்கள் வீட்டில் முப்பத்தொன்பது. கைலாசநாதன் எங்கள் குளியலறை வாசலில் நின்று பார்த்தார். சுவரே நகர்வது போலிருந்தது. அவசரப் பொதுக்குழு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டத்தில் அவர் குரல் திரும்பியிருந்தது. "இது மோசடி. கம்பெனி ஆளு, ஏதோ மருந்து வச்சு எல்லாப் பூரானையும் தன் வீட்டுக்கு இழுத்துட்டார். நம்ம மானத்தை வாங்கறதுக்கே பண்ணியிருக்கார். ஒரு வாரம் டைம். காலி பண்ணிடணும்."

"நியாயம்தான்," என்றார் தியாகேசன். வரிசை வரிசையாகத் தலைகள் ஆடின.

சகாயம் என் பக்கத்தில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டாவது மாதத்தில், முப்பத்து மூன்றாவது கட்டடத்தின் படியை இவளை எப்படி ஏற வைப்பது என்று நினைத்தேன். அப்போதுதான் வாயில் அந்தப் பொய் வந்தது.

"காலி பண்றோம் சார். ஆனா கம்பெனி விதிப்படி, ஓடிப்போன பூரானை ஆய்வகத்துக்குக் கொண்டு போகணும். எதுக்குப் பயந்து ஓடிச்சுன்னு அது உடம்புல பதிவாகியிருக்கும். கோழியா, ஆடா, எறாவா, எந்த வீடு, எந்தத் தேதி, எல்லாம் வந்துடும். குடும்பத்தோட எல்லாரையும் உக்கார வச்சு, வீடு வாரியா நானே வாசிச்சுக் காட்டறேன்."

அப்படி ஒன்றும் பதிவாகாது. பூரானுக்கு நேற்று சாப்பிட்டதே நினைவிருக்காது. ஆனால் கூட்டம் அதை நம்பியது. கணவர்கள் மனைவியைப் பார்க்கவில்லை, மனைவிகள் மாமியாரைப் பார்க்கவில்லை, நான்காம் மாடிக்காரர் பால்கனி இருக்கும் திசையைக்கூடப் பார்க்கவில்லை. கைலாசநாதனின் மனைவி மட்டும் புடவைத் தலைப்பால் முகத்தை விசிறிக்கொண்டிருந்தார்.

பத்மாசனி மாமி எழுந்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"ஆக, இந்தக் கட்டடத்துல சொந்தக்காராளுக்குள்ள சைவம் நான் ஒருத்திதான். என் ஒருத்தி சமையலறைக்காகவா இத்தனை வருஷமா அத்தனை பேரை வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேள்? நான் கேட்டேனா? பாவம், போன வருஷம் ஒரு பொண்ணு கைக்குழந்தையோட வந்து நின்னாளே. யாருக்காகத் துரத்தினேள் அவளை?" குரல் உடைந்தது. "விதி எட்டை எடுத்துடுங்கோ. என் ஓட்டு அதுக்குத்தான்."

ஓட்டெடுப்பு நடந்தது. விதியை எடுக்க ஒன்று, வைத்திருக்க இருபத்திரண்டு.

"தப்பா நினைக்காதீங்க மாமி," என்றார் தியாகேசன். "வீட்டுக்குள்ள நடக்கறது வேற, வாசல் போர்டுல எழுதியிருக்கறது வேற. நாலு பேரு மதிக்கறது போர்டைப் பார்த்துத்தானே."

பிறகு கைலாசநாதன் என்னைத் தனியே கூப்பிட்டுத் தோளில் கை போட்டார். அந்தக் கை இதற்குமுன் என் தோளில் விழுந்ததே இல்லை. சொந்த வீட்டுக்காரர்களைச் சோதிக்க வேண்டாம் என்று குழு நினைக்கிறது, வாடகைக்கு வருபவர்களைச் சோதித்தால் போதும், அதற்குத் தொழில் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். "சுத்தமான ஆளுன்னு பூரானே சொல்லிட்டுது. நீங்களே தேர்வாளரா இருந்துடுங்க. வீடு இனி உங்களுக்குத்தான், குழந்தை ஸ்கூல் முடிக்கறவரைக்கும்னு ஒப்பந்தம் போட்டுடலாம். அந்த ஆய்வகம், வாசிக்கறது, அதெல்லாம் வேண்டாமே?"

சரி என்றேன். யோசிக்கவே இல்லை. சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. படியேறும்போது பத்மாசனி மாமி கதவைப் பாதி திறந்து நின்றிருந்தார்.

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே அருள்."

"வீடு வேணுமே மாமி."

அவர் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த மாதம் இருபத்திரண்டு வீடுகளுக்கும் பழைய அசைவப் பூரானையே, பின்வாசல் வழியாக, காய்கறிப் பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் வீட்டுக்கும் ஒரு ஜோடி எடுத்துக்கொண்டேன். சைவப் பூரான்கள் கீழ்த்தளத்து அலுவலக அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் போயின. எங்களுக்கு மகள் பிறந்தாள். இனி எங்கள் வீட்டுக்குச் சோதனைக் குழு வராது என்றானதும், சகாயம் சன்னலைச் சாத்தி அயிலை மீன் குழம்பு வைத்தாள். முதல் நாள் பயந்து பயந்து சாப்பிட்டோம். பிறகு பழகிவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் என்றானது.

நாச்சியார் மேடத்தின் கணக்கும் தப்பவில்லை. எங்கள் கட்டடத்தின் சோதனை முறையைக் கேள்விப்பட்டு நகரத்தின் சைவக் கட்டடங்களெல்லாம் கண்ணாடிப் பெட்டி கேட்டன. எனக்குப் பதவி உயர்வு வந்தது.

தரைத்தளத்தில் ஒரு வீடு காலியானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாடகைக்குக் கேட்டு ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் பெயர் சோதிவேல், குப்பை லாரி ஓட்டுபவர். மனைவி தையல்நாயகி, ஒரு பள்ளியில் சத்துணவு சமைப்பவர். வடலூர்ப் பக்கம். விண்ணப்பத்தில் உணவு என்ற இடத்தில் சைவம் என்று அழுத்தி எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

கைலாசநாதன் பேனாவோடு என் அருகில் நின்று அவர்களை மேலும் கீழும் பார்த்தார். "பார்த்தா அப்படித் தெரியலையே," என்றார்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. அந்த வாக்கியம் அவருக்குப் பழகியிருந்தது. "எல்லாரும் இதைத்தாங்க சொல்றாங்க. நாங்க வள்ளலார் வழி. மூணு தலைமுறையா முட்டைகூடத் தொட்டதில்ல. சொன்னா யாரும் நம்பறதில்ல. ஊரைக் கேக்கறாங்க, தெருவைக் கேக்கறாங்க, இவர் வேலையக் கேக்கறாங்க, அப்புறம் வீடு இல்லேங்கறாங்க." என்னைப் பார்த்து நம்பிக்கையோடு சிரித்தார். "இங்க பூரான் வச்சுப் பாக்கறாங்கன்னு கேள்விப்பட்டதும் நான்தான் இவரைக் கிளப்பிக்கிட்டு வந்தேன். பூரானுக்கு நாங்க எந்தத் தெருன்னு தெரியாதுல்ல சார்?"

"தெரியாதும்மா," என்றேன்.

சோதனை சின்னதுதான். வருபவர்களின் கைக்குட்டை ஒன்றைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பூரான் அதன்மேல் ஏறினால் தேர்ச்சி. ஓடினால் இல்லை. சோதிவேல் கொடுத்த கைக்குட்டை வெளுத்து மடிக்கப்பட்டிருந்தது, விபூதி வாசனை அடித்தது. மூடியைத் திறந்து, அதை என் வலது கையால் உள்ளே கொண்டுபோனேன்.

துணி இன்னும் தரையைத் தொடவில்லை. பூரான் துள்ளிப் பின்வாங்கி எதிர்மூலையில் போய் ஒண்டியது. போன வேகத்தில் இரண்டு கால்கள் கழன்று விழுந்து தனியே துடித்தன.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. காலையில் சகாயம், நேற்று வைத்த மீன் குழம்பு இன்றைக்குத்தான் ருசி என்று பழையதோடு பரிமாறியிருந்தாள். பிசைந்து சாப்பிட்டுக் கையைத் தண்ணீரில் மட்டும் அலசிக்கொண்டு இறங்கி வந்திருந்தேன். எலுமிச்சை தேய்ப்பதையெல்லாம் எப்போதோ விட்டாயிற்று.

கைலாசநாதன் என் முகத்தைப் பார்த்தார். "என்ன அருள் சார், எழுதிடலாமா?"

ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அது துணியைப் பார்த்து ஓடவில்லை சார், என் கையைப் பார்த்து ஓடியது. சொல்லிவிட்டுப் படியேறி, கைக்குழந்தையோடு இருப்பவளிடம் மூட்டை கட்டச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

"தங்கல சார்," என்றேன்.

கைலாசநாதன் எழுதினார்.

தையல்நாயகி கெஞ்சுவார், சண்டை போடுவார், இன்னொரு முறை வைத்துப் பார்க்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். இதில் எதற்கும் நான் தயாராக இருந்தேன். அவரோ பெட்டியில் துடித்துக்கொண்டிருந்த கால்களையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வேலை செய்யற எடத்துல எதையாச்சும் சாப்பிட்டியா?"

"சத்தியமா இல்ல தையலு. உனக்குத் தெரியாதா?"

"பின்ன அது ஏன் ஓடுது? மனுசங்க பொய் சொல்லுவாங்க. அது எதுக்குச் சொல்லப் போகுது?"

சோதிவேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, ஒன்றை மாற்றி ஒன்றாக மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். மனைவி அவரிடமிருந்து ஓரடி தள்ளி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த விண்ணப்பத்தைக் கைலாசநாதன் நீட்டினார். நான் அதை இடது கையால் வாங்கிக்கொண்டேன்.